நீர்வரத்தும் டிரவுட் மீனும்

வினாடிக்கு இத்தனை கன அடி என்ற எண்ணைப் பார்த்துவிட்டு அன்றைய பாட்டை முடிவு செய்வது மேட்டூர்ப் பாசன விவசாயிக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் டிரவுட் மீன் பிடிக்கக் கிளம்புகிறவர்களும் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்நாட்டின் புவியியல் ஆய்வுத் துறை 1889இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் எம்புடோ என்ற சிற்றூரில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில், தன் முதல் நீரளவு நிலையத்தை அமைத்தது. இன்று ஆயிரக்கணக்கான நிலையங்கள் ஓடைகளின் வரத்தைப் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்கு ஒரு முறை அளந்து, கைப்பேசிக்கே அனுப்பிவிடுகின்றன. இருநூறு கன அடிக்குக் கீழே என்றால் கிளம்பலாம், ஐந்நூறு என்றால் வீட்டிலேயே இருக்கலாம் என்கிற மாதிரி ஒவ்வோர் ஓடைக்கும் ஒரு வாய்ப்பாடு புழக்கத்தில் இருக்கிறது. வாய்ப்பாடு பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை, அதிலும் சிறிய பாதி. ஓடையில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்பதைக் காட்டிலும், அந்த நீர் எந்தப் பருவத்தில் வருகிறது, எத்தனை வேகமாக ஏறி இறங்குகிறது என்பதே டிரவுட்டின் வாழ்வையும் தூண்டில்காரரின் கூடையையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் இந்தப் பக்கமே சாய்கின்றன.

டிரவுட் குளிர்ந்த, ஓட்டமுள்ள நீரின் மீன். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கம் போக வேண்டும். அங்குள்ள ரெயின்போ டிரவுட் பிரிட்டிஷார் காலத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அதன் பூர்வீகம் பசிபிக் பெருங்கடலை ஒட்டிய வட அமெரிக்க ஓடைகளும் ரஷ்யாவின் கம்சாட்காவும். ஓடையில் வாழும் டிரவுட் பெரும்பாலும் இரை தேடி அலைவதில்லை. ஒரு கல்லின் பின்னாலோ மரவேரின் மறைவிலோ தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்து நிற்கும். அடித்து வரும் பூச்சியையும் புழுவையும் சட்டென்று எட்டிப் பிடித்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பும். ஃபிளை ஃபிஷிங் எனப்படும் தூண்டில் முறை முழுக்க இந்தப் பழக்கத்தை நம்பியது. அதில் மண்புழு கிடையாது, இறைச்சித் துண்டு கிடையாது. இறகையும் முயல் முடியையும் நூலால் சுற்றிச் சிறு முள்ளில் கட்டிய பொய்ப்பூச்சிதான் இரை. அதற்கென்று எடை எதுவும் இல்லாததால், சற்றுக் கனமான தூண்டில் கயிற்றை வீசித்தான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். நீர் போகும் அதே வேகத்தில், கயிற்றின் இழுப்புத் தெரியாமல், அது மீனின் கண் முன்னால் மிதந்து வர வேண்டும். கொஞ்சம் இழுபட்டாலும் மீன் ஏறெடுத்துப் பார்க்காது.

மீன் எந்த இடத்தில் நிற்கும் என்பது அதன் வரவுசெலவுக் கணக்கு. வேகமான நீர் ஒரு நிமிடத்தில் அதிக இரையைக் கொண்டுவரும். ஆனால் அதில் நிற்பதற்கே உடம்பு கரைந்துவிடும். மெதுவான நீரில் நிற்பது சுலபம், சாப்பாடுதான் வராது. ஆகவே மெதுவான நீரில் நின்றபடி பக்கத்து வேக நீரிலிருந்து எட்டி எடுத்துக்கொள்ளும் எல்லைக்கோட்டு இடங்களுக்குத்தான் போட்டி. அமெரிக்க மீனியல் ஆய்வாளர் கர்ட் ஃபவுஷ் 1984இல் வெளியிட்ட ஆய்வில், செயற்கை ஓடையில் இளம் சால்மன், டிரவுட் மீன்களை விட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஓட்டம் கொண்டுவரும் உணவின் ஆற்றலிலிருந்து நீந்தி நிற்கும் செலவைக் கழித்தால் எங்கே மிச்சம் அதிகமோ, அந்த இடத்தை வலுத்த மீன் பிடித்துக்கொண்டது; அடுத்த இடம் அடுத்த மீனுக்கு. நீர்வரத்து மாறும்போது இந்த எல்லைக்கோடுகள் எல்லாம் இடம் மாறுகின்றன. நேற்று முதல் தரமாக இருந்த கல்லின் பின்புறம் இன்று ஒன்றுக்கும் உதவாததாக ஆகிவிடலாம்.

எவ்வளவு மாறும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. லூனா லியோபோல்டும் தாமஸ் மேடக்கும் 1953இல் அமெரிக்க ஆறுகளின் அளவுகளைத் தொகுத்து, ஓர் இடத்தில் வரத்து கூடும்போது அகலமும் ஆழமும் வேகமும் சராசரியாக எந்த விகிதத்தில் கூடுகின்றன என்று காட்டினார்கள். அதன்படி வரத்து இரண்டு மடங்கானால் அகலம் ஏறத்தாழ 20 சதவீதமும் ஆழம் 32 சதவீதமும் வேகம் 27 சதவீதமும் கூடும். வேகம் 27 சதவீதம்தானே என்று தோன்றலாம். நீரை எதிர்த்து நிற்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடியை ஒட்டி ஏறுகிறது. அப்படிப் பார்த்தால் அசையாமல் அதே ஓட்டத்தில் நிற்கும் மீனின் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மீன் அவ்வளவு அசடு இல்லை. ஓடை அகலமாகும்போது கரையோரத்தில் புதிதாக நனைந்த புல்லடியில் மெதுவான நீர் கிடைக்கிறது. மீன் அங்கே ஒதுங்குகிறது. வரத்து கூடிய நாளில் நடு ஓடையை நோக்கி நீளமாகக் கயிறு வீசிவிட்டு மீனே இல்லை என்று சொல்பவர், தன் முழங்காலருகே நிற்கும் மீனைத் தாண்டி வீசிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். வரத்து கூடினால் மீன்பிடி கெட்டது என்ற எண்ணத்தில் பெரும் பங்கு மனிதக் காலின் பிரச்சினை. ஆழத்தில் நிற்க முடிவதில்லை, அவ்வளவுதான்.

இந்த அளவில் நின்றுவிட்டால் எண்ணே போதும் என்ற வாதம் பிழைத்துவிடும்: ஒவ்வோர் எண்ணுக்கும் மீன் நிற்கும் இடம் ஒன்று, அதைப் பட்டியல் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதே எண் இரண்டு நாட்களில் இரண்டு ஓடைகளைக் குறிக்கிறது. முந்நூறு கன அடி ஏறுமுகத்தில் இருப்பதும் இறங்குமுகத்தில் இருப்பதும் ஒன்றல்ல. மழையோ பனியுருகலோ வந்து வரத்து ஏறும்போது, கரையிலும் படுகையிலும் தங்கிக் கிடந்த வண்டலும் சருகும் முதலில் கிளம்பிவிடும். பெரும்பாலான சிற்றோடைகளில் நீர் மிகக் கலங்கலாக இருப்பது வரத்து உச்சத்தைத் தொடுவதற்கு முன்புதான். உச்சம் கடந்து அதே முந்நூறுக்கு இறங்கி வருகையில் நீர் தெளிந்திருக்கும். இரையின் கதையும் அப்படியே. கல்லடியில் வாழும் பூச்சிப் பருவங்களும் புழுக்களும் திடீர் ஏற்றத்தில் பிடி தளர்ந்து அடித்துச் செல்லப்படுகின்றன. அந்த முதல் சில மணி நேரம் மீனுக்கு விருந்து, பார்வை மங்குவதற்குள் அது வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. இறங்குமுகத்தில் இரை குறைவாக வருகிறது, ஆனால் தெளிவாகத் தெரிகிறது; நீர்மட்டத்தில் மிதக்கும் பொய்ப்பூச்சியை அப்போதுதான் மீன் பார்த்து ஏறி வரும். ஏறுமுகத்தில் அடியில் உருளும் புழு வடிவமும், இறங்குமுகத்தில் மேலே மிதக்கும் சிறகு வடிவமும் எடுபடுவது இதனால்தான். நீரளவு நிலையத்தின் ஒற்றை எண்ணில் இது எதுவும் தெரியாது. கடந்த இரண்டு மூன்று நாட்களின் கோட்டில் தெரியும்.

நாட்கணக்கிலிருந்து பருவக்கணக்குக்குப் போனால் விஷயம் இன்னும் கூர்மையாகிறது. கலிஃபோர்னியாவில் வின்டர்ஸ் ஊருக்கு மேலே ஓடும் புட்டா ஓடையை எடுத்துக்கொள்ளலாம். அது இயல்பாகக் குளிர்கால மழையில் பெருகிக் கோடையில் மெலிந்துவிடும் ஓடை. 1957இல் மான்டிசெல்லோ அணை கட்டி முடிந்த பிறகு பருவம் தலைகீழானது. அணைக்கும் அதற்குக் கீழே உள்ள திருப்பு அணைக்கும் இடைப்பட்ட சில கிலோமீட்டரில் கோடையில் வயல்களுக்காகப் பல நூறு கன அடி ஓடுகிறது. குளிர்காலத்தில் பாசனத் தேவை ஓய்ந்ததும் அது நூறு கன அடிக்கும் கீழே போய்விடுகிறது. அணையின் அடியிலிருந்து வருவதால் கோடையிலும் நீர் சில்லென்று இருக்கிறது. டிரவுட் அங்கே வளர்கிறது, கொழுக்கிறது. வேறு பல ஓடைகளில் கோடையே மீன்பிடிக் காலம் என்றால், இங்கே கரையில் ஆள் சேர்வது நீர் குறைந்த குளிர்காலத்தில். மொத்த நீரை மட்டும் எண்ணினால் இது நல்ல ஓடைதான். ஆனால் கலிஃபோர்னியாவின் இந்தப் பகுதியில் டிரவுட் முட்டையிடுவதும் குளிர்காலத்தை ஒட்டித்தான். பழைய ஓடையில் அந்தக் காலத்து வெள்ளம் சரளைக் கற்களைப் புரட்டிக் கழுவி முட்டைக்கு இடம் செய்து கொடுத்தது. இன்று அதே காலத்தில் ஓடை ஏறக்குறைய அசைவற்றுக் கிடக்கிறது, பெருமழையில் பக்க ஓடைகள் பெருகி வந்தால் ஒழிய.

திருப்பு அணைக்குக் கீழே நடந்ததுதான் என் வாதத்துக்கு நேரான சான்று. 1980களின் இறுதி வறட்சியில் ஓடையின் கீழ்ப்பகுதி பல இடங்களில் வறண்டுபோக, ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டு முழுதும் ஓடை உயிரோடு இருக்க ஒரு சிறு வரத்து, வசந்தத்தில் உள்நாட்டு மீன்கள் முட்டையிடும் நாட்களில் ஒரு வீக்கம், இலையுதிர்காலத்தில் சால்மன் ஏறிவர ஒரு வீக்கம் என்று நீர் திறப்பு வகுக்கப்பட்டது. ஜோசஃப் கியர்னன், பீட்டர் மோய்ல், பேட்ரிக் கிரெய்ன் ஆகிய மூவரும் உடன்பாட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த மீன் கணக்குகளை ஒப்பிட்டு 2012இல் வெளியிட்டார்கள். அணையை ஒட்டிய சிறு பகுதியில் முடங்கியிருந்த உள்நாட்டு மீன்கள் ஓடையின் பெரும்பகுதிக்குப் பரவியிருந்தன. அயல் மீன்கள் பின்வாங்கியிருந்தன. இதற்காகப் பெரும்பாலான ஆண்டுகளில் கூடுதலாக விட வேண்டியிருந்த நீர் சொற்பம். கால நேரம் பார்த்து விட்டதுதான் வேலை செய்தது என்பது அவர்களது முடிவு.

இதைவிடவும் பெரிய அளவில், மணிக்கணக்கில், ஒரு பாடம் கொலராடோ ஆற்றில் கிடைத்தது. ஓடை அல்ல, பேராறு. ஆனால் காரணமும் விளைவும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரியும் இடம் வேறில்லை. அரிசோனாவின் கிளென் கேன்யன் அணை 1963 முதல் நீரைத் தேக்குகிறது. அதற்குக் கீழே லீஸ் ஃபெர்ரி வரையிலான ஏறத்தாழ 25 கிலோமீட்டர் பெயர்பெற்ற டிரவுட் பகுதி. அங்கே டிரவுட் இயற்கையாக இருந்ததில்லை. அணை வந்து நீர் தெளிந்து குளிர்ந்த பின் விடப்பட்டது. மின்தேவை பகலில் ஏறி இரவில் இறங்குவதால், டர்பைன் வழியே வரும் நீரும் அன்றாடம் ஏறி இறங்கும். தொடக்க காலத்தில் இந்த ஏற்ற இறக்கம் கண்மூடித்தனமாக இருந்தது. 1990களில் ஒரு நாளுக்கு அதிகபட்சம் 8,000 கன அடி வித்தியாசம் என்று வரம்பு கட்டினார்கள். வரம்புக்குப் பின்னும் ஒரு புதிர் நீடித்தது. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை ஆகிய மூன்றும் உலகெங்கும் டிரவுட்டின் தலையாய இரை. பொய்ப்பூச்சிகளில் பெரும்பாலானவை இவற்றின் நகல்கள். இந்த மூன்றும் அணைக்குக் கீழே அநேகமாக இல்லை. கொசு போன்ற, கடிக்காத மிட்ஜ் வகைகளே ஆட்சி செய்தன.

பேட்டிஸ் என்ற மேஃபிளை முட்டையிடுவதை அருகிலிருந்து பார்த்தால் புதிர் அவிழும். பெண் பூச்சி நீருக்கு வெளியே தலை நீட்டியிருக்கும் கல்லில் வந்து உட்காரும். சிறகை மடக்கிக்கொண்டு கல்லைப் பற்றியபடி நீருக்குள் இறங்கி, விளிம்புக்குச் சற்றுக் கீழே முட்டைகளை வரிசை வரிசையாகத் தகடுபோல் ஒட்டும். முட்டை பொரிய நாட்கள், சில வேளை வாரங்கள் ஆகும். நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் இப்படி ஒட்டிவிட்டால், சில மணி நேரத்தில் மட்டம் இறங்கியதும் முட்டைகள் வெயிலில் காய்ந்து போகும். ஓடையில் எத்தனை கன அடி இருந்தும் பயனில்லை. டெட் கென்னடி தலைமையிலான குழு 2016இல் இதை எண்ணிக்கையால் காட்டியது. படகு வழிகாட்டிகள் மாலைதோறும் சூரியன் மறைந்ததும் கரையில் ஆல்கஹால் ஊற்றிய பிளாஸ்டிக் தட்டின் மேல் சிறு விளக்கை வைத்து ஒரு மணி நேரம் பூச்சி பிடித்தார்கள். 2,500க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. அணையிலிருந்து கிளம்பும் அன்றாட அலை பள்ளத்தாக்கு நெடுகப் பயணம் செய்வதால், சில இடங்களில் அந்தி நேரத்தில் நீர் தாழ்ந்திருக்கும், சில இடங்களில் உயர்ந்திருக்கும். தாழ்ந்திருந்த இடங்களில் மிட்ஜ் ஏராளம். உயர்ந்திருந்த இடங்களில் குறைவு. ஒரே ஆறு, அன்றாடம் அதே மொத்த நீர். மாறியது அந்தி வேளையின் மட்டம் மட்டுமே. மேற்கு மாநிலங்களின் 16 அணைகளை ஒப்பிட்டபோதும், மணிக்கு மணி ஏற்ற இறக்கம் கூடிய இடங்களில் பூச்சி வகைகள் குறைந்திருந்தன.

இதிலிருந்து ஒரு சோதனை பிறந்தது. 2018 மே முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறு இரு நாட்களும் நீர்மட்டத்தைத் தாழ்வாகவும் நிலையாகவும் வைத்தார்கள். வார நாட்களில் வழக்கம்போல் ஏற்ற இறக்கம். வார இறுதியில் மின்தேவை குறைவு என்பதால் இழப்பும் குறைவு. அந்த இரு நாட்களில் ஒட்டப்படும் முட்டை வாரம் முழுதும் நனைந்தே இருக்கும், ஏனென்றால் மட்டம் அதற்குக் கீழே போவதில்லை. முதல் கோடையிலேயே கேடிஸ்ஃபிளை ஏறத்தாழ நான்கு மடங்கு பெருகியதாகப் பிடிப்புகள் காட்டின. வார இறுதிகளில் தூண்டிலில் மீனும் கூடுதலாகச் சிக்கியது. இந்த இரண்டாவது விளைவை வைத்து அதிகம் பேசக் கூடாது. நீர் தாழ்ந்து நிலையாக இருந்தாலே மீன்பிடிக்கச் சுலபம். பூச்சி பெருகியதன் பலன் எது, அன்றைய மட்டத்தின் பலன் எது என்று அந்த எண்ணிலிருந்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. பூச்சியின் பெருக்கம் வேறு; அது நீரின் அட்டவணை மாறியதால் வந்தது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். மனிதன் கை படாத மலை ஓடைகளும் வெறித்தனமாக ஏறி இறங்குகின்றனவே, அங்கே டிரவுட் பல்லாயிரம் ஆண்டு வாழவில்லையா? வாழ்ந்தது, ஆனால் அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஒரு காலண்டர் உண்டு. ராக்கி மலை ஓடைகளில் பனி உருகி வரத்து பெருகுவது பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில். அதை எதிர்பார்த்து அமைந்த பிறவிச் சுழற்சி அங்குள்ள பூர்வீக மீனுக்கும் பூச்சிக்கும் இருக்கிறது. காலண்டர் பொருந்தாத இடத்தில் என்ன ஆகும் என்பதை ஃபவுஷும் அவரது சகாக்களும் 2001இல் ஆராய்ந்தார்கள். உலகமெங்கும் கொண்டுபோய் விடப்பட்ட ரெயின்போ டிரவுட் சில நாடுகளில் காடாகப் பெருகியது, சில நாடுகளில் எத்தனை முறை விட்டும் ஒட்டவில்லை. ஐந்து பகுதிகளை ஒப்பிட்டதில், குளிர்காலத்தில் வெள்ளம் வந்து, குஞ்சுகள் சரளையிலிருந்து வெளிவரும் மாதங்களில் வெள்ள அபாயம் குறையும் இடங்கள் அதற்குப் பெரிதும் ஏற்றவையாகத் தெரிந்தன. இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குஞ்சால் வெள்ளத்தில் நிற்க முடியாது. ஆறு மாதம் கழிந்தால் அதே வெள்ளம் அதற்கு ஒரு பொருட்டில்லை. இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் சூத்திரம் இல்லை, உணவும் போட்டியும் நோயும் கூடவே வேலை செய்கின்றன. ஆனால் வெள்ளம் என்றாலே தீமை என்ற முடிவை இந்த ஒப்பீடு உடைத்துவிடுகிறது.

அப்படியானால் ஏற்ற இறக்கமே இல்லாத ஓடைதான் உத்தமமா என்பது அடுத்த கேள்வி. ஐடஹோவின் சில்வர் கிரீக் போன்ற ஊற்றோடைகளைக் காட்டி அப்படி வாதிடுவோர் உண்டு: நிலத்தடி நீரால் ஓடுவதால் ஆண்டு முழுதும் வரத்தும் வெப்பமும் பெரிதாக மாறாது, பூச்சியும் மீனும் செழிக்கும். உண்மைதான். ஆனால் ஊற்றோடை தன் நிலைத்தன்மையோடு கூடவே வளர்ந்தது. அதன் செடிகொடியும் பூச்சியும் அதற்கேற்பத் தேர்ந்தவை. வெள்ளத்துக்குப் பழகிய ஓடையை அணையால் அமைதிப்படுத்தினால் ஊற்றோடை கிடைத்துவிடாது. வண்டல் சரளையின் இடுக்குகளை அடைக்கும், முட்டைக்கு ஊடே போக வேண்டிய நீர் நின்றுபோகும், கரைச்செடி ஓடைக்குள் இறங்கி அதை ஒடுக்கிவிடும். கிளென் கேன்யன் அணையிலேயே 2008 மார்ச்சில் வேண்டுமென்றே விடப்பட்ட பெருவெள்ளத்துக்குப் பின், லீஸ் ஃபெர்ரியில் டிரவுட் குஞ்சுகளின் பிழைப்பு வெகுவாகக் கூடியது. அதில் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்தது. பெருகிய டிரவுட் கீழே இறங்கி, அழிவின் விளிம்பில் இருந்த ஹம்ப்பேக் சப் என்ற உள்நாட்டு மீனின் வாழிடம்வரை போனது. எந்த மீனுக்காக நீரைத் திறக்கிறோம் என்ற கேள்வியை மீன்பிடிப்போர் சங்கங்கள் எளிதில் தட்டிக் கழித்துவிடுகின்றன. தட்டிக் கழிக்கக் கூடாத கேள்வி அது.

லீஸ் ஃபெர்ரியிலிருந்தே என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் எடுக்கலாம். 2003 முதல் 2005 வரை குளிர்காலங்களில், டிரவுட்டைக் குறைப்பதற்காகவே ஏற்ற இறக்கத்தைக் கடுமையாக்கினார்கள். முட்டைகளில் கணிசமான பங்கு காய்ந்து அழிந்தது. ஆனால் ஜோஷ் கார்மன் குழுவின் கணக்குப்படி அந்த ஆண்டுக் குஞ்சுகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. போட்டி குறைந்ததால் எஞ்சியவை நன்றாகப் பிழைத்துக்கொண்டன. ஆக மணிக்கணக்கு ஏற்ற இறக்கம் மீனைத் தொடவில்லையே என்று கேட்கலாம். தொட்ட இடம் வேறு என்பதே பதில். அங்கே மீன் தொகையைக் கட்டிப்போட்டது முட்டையின் பற்றாக்குறை அல்ல, இரையும் குஞ்சுக்கு வேண்டிய கரையோர இடமும். நெருக்கடி எந்தப் பருவத்தில் இருக்கிறதோ அந்தப் பருவத்து நீர்தான் கணக்கில் வரும். ஐடஹோவின் ஹென்றிஸ் ஃபோர்க் ஆற்றில் இதுவே நல்ல விதமாக நடந்தது. ஐலண்ட் பார்க் அணைக்குக் கீழே, முதல் குளிர்காலத்தைத் தாண்டும் ரெயின்போ குஞ்சுகளின் எண்ணிக்கை, குளிர்காலத்தின் பின்பாதியில் விடப்படும் நீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. குஞ்சுகள் அடைக்கலம் தேடும் கரையோரப் பாறை இடுக்குகள் அப்போது நனைந்திருக்க வேண்டும். அணையை நிரப்பும் வேலையை முன்பாதிக்கு நகர்த்தி, மிச்சத்தைப் பின்பாதியில் விடுவது என்று பாசனக்காரர்களோடு பேசி ஏற்பாடானது. மொத்த நீரில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை.

அளவு முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஓர் எல்லைக்குக் கீழே போனால் அளவுதான் எல்லாம். மெலிந்த ஓடை விரைவாகச் சூடாகும்; 10 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 20 டிகிரியில் ஒன்பதுதான். சூட்டில் மீனின் ஆக்சிஜன் தேவையோ ஏறுகிறது. 25 டிகிரியை ஒட்டி ரெயின்போ டிரவுட் சாகத் தொடங்கும். மொன்டானாவில் நீர் வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் ஏறத்தாழ 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் இரண்டு மணி முதல் நள்ளிரவுவரை மீன்பிடிக்கத் தடை விதிக்கிறார்கள். பிடித்துத் திரும்ப விட்டாலும் களைத்த மீன் அந்தச் சூட்டில் மீளாது. ஆனால் இந்தப் பஞ்சமும் பெரும்பாலும் காலக் கணக்கின் கோளாறுதான். மேற்கு வட அமெரிக்காவில் பனியுருகல் வரத்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைவிட ஒன்று முதல் நான்கு வாரம் முந்திவிட்டதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆண்டின் மொத்த நீர் குறையாவிட்டாலும், அது முன்னதாகவே ஓடிப்போய்விட்டால் ஆகஸ்டில் ஓடை காய்கிறது.

இத்தனைக்கும் பிறகு அணை விதிகள் பல இன்னும் ஒற்றை எண்ணிலேயே நிற்கின்றன: குறைந்தபட்சம் இத்தனை கன அடி விட வேண்டும் என்பதோடு முடிந்துவிடுகின்றன. மாற்றத்தின் வேகத்துக்கும் விதி இருந்தால் மட்டும் போதாது, அதைக் காக்கும் கருவியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். மொன்டானாவின் ஹெப்கன் அணையில் வெளியேற்றத்தை ஒரு நாளைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றக் கூடாது என்பது உரிம நிபந்தனை. 2021 நவம்பர் 30 அன்று மதகின் இணைப்புப் பாகம் ஒன்று உடைந்து, மேடிசன் ஆற்றின் வரத்து சிறிது நேரத்தில் பாதிக்கும் கீழே சரிந்தது. பிரவுன் டிரவுட் முட்டையிட்டுச் சில வாரங்களே ஆன சரளைத் திட்டுகள் வெளியே தெரிந்தன. ஊர்க்காரர்கள் வாளியோடு இறங்கிக் குட்டைகளில் சிக்கிய மீனை அள்ளி ஓட்டத்தில் விட்டார்கள். மறுநாள் நிலையத்தின் எண்ணை மட்டும் பார்த்தவருக்கு அது வறட்சிக் காலத்து மேடிசன் போலத்தான் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் தனியார் நீர்மின் அணைகளின் உரிமம் முப்பது முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. அந்த விசாரணைகளில் டிரவுட்காரர்கள் வழக்கமாகக் கேட்பது இன்னும் கொஞ்சம் தண்ணீர். மணிக்கு எவ்வளவு ஏற்றலாம், எவ்வளவு இறக்கலாம், எந்த மாதத்தில் எதைச் செய்யக் கூடாது என்ற மூன்றையும் அவர்கள் அதற்கு முன்னால் கேட்க வேண்டும். கூடுதல் தண்ணீரைவிட அவை மலிவாகக் கிடைக்கும்.